மூன்றாவது ஓலைக்குப் பிறகு

இதில் வருகிறவர்களின் பெயர்களை மாற்றிவிட்டேன். எந்த மாதா கோயில், எந்தப் பங்கு என்றும் சொல்லப் போவதில்லை. லூர்துசெல்வியின் பெயரை மட்டும் மாற்றவில்லை. மாற்றட்டுமா என்று கேட்டதற்கு, "இன்னாத்துக்கு? நான் இன்னா திருடிட்டா வந்தேன்?" என்று என் மேலேயே பாய்ந்தாள். சரி தாயே என்று விட்டுவிட்டேன்.

முத்தியால்பேட்டையில் ஒரு சந்துக்குள், மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒற்றை அறையும் சமையலுக்கு ஒரு மூலையுமாக இருக்கிறது அவள் வீடு. தனி ஆள். எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சங்கத்தில் அவளும் நானும் வேலை செய்கிறோம். எனக்கு அலுவலகத்தில் உட்கார்ந்து செய்யும் வேலை. எனக்கு அந்தத் தொற்று இல்லை. அவளுக்கு இருக்கிறது. மாத்திரையை நிறுத்தியவர்களைத் தேடிப் போவதும், இப்போதுதான் தெரியவந்து இடிந்துபோனவர்களைக் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதும், கூப்பிட்ட இடத்தில் நின்று பேசுவதும் அவள் வேலை.

அவள் பேசுவதைக் கேட்க வேண்டும். எந்தக் கூட்டத்திலும் ஒருவர் எழுந்து கொசு கடித்தால் வருமா என்று கேட்பார். "கொசுவால வரும்னா இந்தப் புதுச்சேரியில ஒருத்தர் மிஞ்சியிருப்பமா?" என்பாள். கூட்டம் சிரிக்கும். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவாள். தொட்டால் வராது, ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது, கட்டிப் பிடித்து அழுதால்கூட வராது. ஆணுறை இல்லாத உறவில் வரும். ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்குப் போட்டால் வரும். சோதிக்காத ரத்தத்தை ஏற்றினால் வரும். இதுவரைக்கும் நிறுத்தி நிதானமாகச் சொல்லுகிறவள், தாயிடமிருந்து குழந்தைக்கு வரும் என்பதை மட்டும் அவசரமாகச் சொல்வாள். "இப்ப அதுக்கு மருந்து இருக்கு. மாசமா இருக்கும்போதே டெஸ்ட் பண்ணி மாத்திரை ஆரம்பிச்சா கொழந்தையக் காப்பாத்திடலாம்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிப்பாள். அவளுடைய மகள் அபி பிறந்த காலத்தில் செல்வியை யாரும் டெஸ்ட் பண்ணவில்லை. அபி மூன்று வயது முடியுமுன் போய்விட்டாள்.

செல்விக்குக் கல்யாணம் ஆனது இரண்டாயிரத்து ஒன்றில். மாப்பிள்ளை மிக்கேல் மும்பையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தவர். நல்ல மனிதர்தான் என்று இன்றைக்கும் சொல்கிறாள். கத்தோலிக்கர் வீட்டுக் கல்யாணத்தில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரத்தில் சாமியார் ஓலை வாசிப்பார். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, இதற்குத் தடை ஏதாவது இருப்பது யாருக்காவது தெரிந்தால் வந்து சொல்லிவிட வேண்டும் என்று கேட்பார். ஒரு கோயிலைச் சேர்ந்த குடும்பங்களைப் பங்கு என்பார்கள்; மாப்பிள்ளை வீட்டுப் பங்கிலும் பெண் வீட்டுப் பங்கிலும் வாசிப்பார்கள். மூன்றாவது ஓலை முடிந்துவிட்டால் அந்தப் பெண் பாதிக் கல்யாணம் ஆனவள் மாதிரி. அதற்குப் பிறகு நின்றுபோனால் ஊர் வாய் சும்மா இருக்காது.

மிக்கேல் சாகக் கிடந்தபோதுதான் செல்விக்கு விஷயமே தெரிந்தது. அடக்கம் முடிந்து வந்த அன்று நாத்தனார் இவளைக் கட்டிக்கொண்டு, "எனக்கு முன்னயே தெரியும்டி. மும்பாயில டெஸ்ட் பண்ணிட்டாங்க. கல்யாணம் ஆனா சரியாப்பூடும்னு நெனச்சோம்" என்று அழுதாராம். இத்தனை வருடத்தில் செல்வி இதை என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். கணவரைத் திட்டியதில்லை. நாத்தனாரைத்தான் மன்னிக்கவில்லை.

"மூணு வாரமும் ஓலை படிச்சாங்க மேனகா. மூணு வாரமும் அவங்க அந்தக் கோயில்லதான் ஒக்காந்திருந்தாங்க. கட்டிக்கினு இருப்பனோ, வேணாம்னு இருப்பனோ, அது என் பாடு. என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கணும் இல்ல?"

அந்த 'ஒரு வார்த்தை'தான் அவள் வாழ்க்கை முழுக்க அவளைப் பிடித்து ஆட்டியது என்று நினைக்கிறேன்.

ஜோசப் ஆனந்தை அவள் கண்டுபிடித்தது டி.பி. வார்டில். முதலியார்பேட்டைப் பையன், ஏ.சி. மெக்கானிக். எலும்பும் தோலுமாகக் கிடந்தான். அம்மாவைத் தவிர ஆள் கிடையாது. அவனுக்கு எப்படி வந்தது என்று இந்நேரம் உங்களுக்குக் கேட்கத் தோன்றியிருக்கும். எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். தெரிந்து என்ன செய்யப் போகிறீர்கள்? வந்துவிட்டது, அவ்வளவுதான்.

செல்வி அவனுக்குக் கஞ்சி ஊட்டினாள். மாத்திரை வேண்டாம், செத்துப்போகிறேன் என்று முரண்டு பிடித்தவனைத் திட்டித் திட்டியே விழுங்க வைத்தாள். டி.பி. குணமானது. உடம்பு தேறியது. தினம் ஒரு மாத்திரை, ஒருநாளும் தவறாமல். கொஞ்ச நாளில் அவன் ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது. போய்விட்டது என்று அர்த்தமில்லை. அடங்கிக் கிடக்கிறது. மாத்திரை தொடர்கிற வரைக்கும் உறவின் மூலம் இன்னொருவருக்குப் பரவாது. மாத்திரையை நிறுத்தினால் மறுபடி எழுந்துவிடும். செல்விக்கு அவன் மேல் தனிப் பிரியம். அவள் வீட்டு ஃபேன் நின்றால் அவன்தான் வந்து பார்ப்பான். கிறிஸ்துமஸுக்குச் சட்டை எடுத்துக் கொடுப்பாள்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு போன் வந்தது. "மேனகா, எங்க கோயில்ல இப்ப ஓலை படிச்சாங்க. ஆனந்து. பொண்ணு எங்க பங்குதான், மெரின்."

மெரினை எனக்கும் தெரியும். நேரு வீதியில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிற பெண். அப்பா ரொட்டிக்கடையில் வேலை பார்க்கிறார். கடைக்கு யார் போனாலும் சிரித்த முகமாகப் பேசுவாள்.

"போய்ச் சொல்லிடு செல்வி, அந்தப் பொண்ணுகிட்ட" என்று நான்தான் குதித்தேன். அப்படிச் சொல்ல முடியாது என்பது எனக்கும் தெரியும். ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பதை அவர் சம்மதமில்லாமல் எங்களைப் போன்றவர்கள் வெளியே சொல்லக் கூடாது. சட்டமே அப்படி. அந்தச் சட்டம் வேண்டும் என்று கொடி பிடித்து ஊர்வலம் போனவர்களில் செல்வியும் ஒருத்தி. செய்யக்கூடியது ஒன்றுதான். அவனையே சொல்ல வைக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் முதலியார்பேட்டையில் ஒரு டீக்கடை ஓரமாக அவனைப் பிடித்தோம்.

"பரவாதுன்னு டாக்டரே சொல்லிட்டாருக்கா. நீயே ஊரெல்லாம் அததான் சொல்ற. அப்புறம் எதுக்கு அவளுக்குத் தெரியணும்?" என்றான் ஆனந்த்.

"பரவாதுதான். மாத்திரைய எங்க வப்ப?"

"டூல்ஸ் பேக்ல."

"தெனமும் சாப்புட்டு முடிச்சதும் டூல்ஸ் பேக்கத் தொறப்பியா? மாமியா வீட்டு விருந்துக்குத் தூக்கினு போவியா? இன்னா மாத்திரைன்னு கேட்டா?"

"சத்து மாத்திரைன்னு சொல்லிக்கிறேன்."

"அவ எனக்கும் ஒண்ணு குடுங்கன்னா?"

அவன் டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"ஒளிச்சு வச்சு சாப்புட்டவங்க எத்தினி பேரப் பாத்திருக்கேன்டா. இன்னிக்கு முடியல, நாளைக்குப் பாத்துக்கலாம்னு வுட்டு வுட்டு, ஒருநாளு சுத்தமா வுட்டுடுவாங்க. வுட்டா ஏறும். ஏறிச்சின்னா அவளுக்கு வரும். அவளுக்குத் தெரியாமலே வரும். எனக்கு வந்தாப்பல."

"சொல்றேங்க்கா. கொஞ்சம் டைம் குடு" என்றான். கண் கலங்கியிருந்தது.

ஆஸ்பத்திரி டாக்டரும் அவனைக் கூப்பிட்டுப் பேசினார். அந்தப் பெண்ணையும் அழைத்து வா, நானே எல்லாவற்றையும் எடுத்துச் சொல்கிறேன், இந்த நிலையில் கல்யாணமும் செய்துகொள்ளலாம், நல்லபடியாகக் குழந்தையும் பெற்றுக்கொள்ளலாம் என்று பக்குவமாகத்தான் சொன்னார். தலையாட்டிவிட்டு வந்தான். அழைத்துப் போகவில்லை.

இரண்டாவது ஞாயிறு செல்வியோடு நானும் கோயிலுக்குப் போனேன். எனக்குப் பூசையில் எப்போது எழுந்திருப்பது, எப்போது முட்டி போடுவது என்றெல்லாம் தெரியாது. அவள் செய்ததைப் பார்த்துச் செய்தேன். எங்களுக்கு முன் வரிசையில் மெரின். சாமியார் பெயரை வாசித்ததும் பக்கத்திலிருந்த சிநேகிதிகள் அவளை இடித்தார்கள். அவள் முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று சாமியார் கேட்டபோது செல்வி என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்துவிட்டது.

மூன்றாவது ஞாயிறும் வந்தது. ஆனந்த் போனை எடுக்கவே இல்லை. ஓலை வாசித்து முடித்துவிட்டார்கள்.

மறுநாள் ஆனந்த் கடற்கரைச் சாலையில் உட்கார வைத்து மெரினிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். நம்பிக்கை இல்லாவிட்டால் லூர்துசெல்வி அக்காவைக் கேள் என்றும் சொல்லியிருக்கிறான். அவள் அங்கிருந்து நேராக செல்வி வீட்டுக்கு வந்தாள். நான் அப்போது அங்கேதான் இருந்தேன். எழுந்து போகப் பார்த்தேன், "பரவால்ல இருங்க" என்றாள் மெரின்.

அழவில்லை அந்தப் பெண். ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவர் சொன்னதெல்லாம் நிஜமா, குழந்தை பிறந்தால் அதற்கு வருமா, அவர் எத்தனை காலம் இருப்பார். செல்வி எதையும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் மற்றவர்களைப் போல ஆயுசோடு இருக்கலாம், பரவாது, ஆணுறையும் போட்டுக்கொண்டால் இன்னும் நிம்மதி, குழந்தை வேண்டும் என்றால் டாக்டரிடம் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம் என்றாள். ஆனந்த் நல்ல பையன் என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் கெஞ்சல் இருந்ததை நான் கவனித்தேன்.

மெரின் கேட்டாள். "ஒங்க கல்யாணத்தப்ப யாராவது வந்து ஒங்ககிட்ட சொல்லியிருந்தா, நீங்க கட்டிக்கினு இருப்பீங்களாக்கா?"

இருபது வருடத்துக்கு மேலாக, என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று புலம்பியவளிடம் கடைசியில் ஒருத்தி கேட்டுவிட்டாள். ஆமாம் என்று சொல்லுடி என்று நான் மனதுக்குள் கத்தினேன்.

"மாட்டேம்மா" என்றாள் செல்வி. "ஆனா அப்ப மாத்திரை இல்ல. இப்ப அப்பிடி இல்ல..."

அந்த 'ஆனா'வுக்குப் பிறகு சொன்னது எதுவும் மெரின் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. அவள் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டாள். வாசலில் நின்று சொன்னாள்.

"நோயப் பத்தி எனக்கு பயம் இல்லன்னு சொல்ல மாட்டேன். பயமாத்தான் இருக்கு. மொத வாரமே சொல்லியிருந்தா யோசிச்சிருப்பேன். ஒத்துக்கினுகூட இருப்பேன், தெரியல. மூணு ஓலையும் முடியட்டும்னு காத்துனு இருந்தாருக்கா. இனிமே இவ எங்க போயிடுவான்னு. ஏன் இவ்ளோ நாளுன்னு கேட்டேன். அவரே சொல்லிட்டாரு."

அவள் போன பிறகு நான் செல்வியிடம் சண்டைக்குப் போனேன். அது அந்தக் காலம், இது இந்தக் காலம், ஒரு பொய் சொன்னால் குடியா முழுகிவிடும் என்று கத்தினேன். "கேட்டா. சொன்னேன்" என்றாள். இரவுச் சாப்பாட்டுக்கு வடித்த சோறு அப்படியே இருந்தது.

கல்யாணம் நின்றுவிட்டது. மெரின் தன் வீட்டில் ஆனந்தைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் என்று ஒரே பிடியாக நின்றாள். அப்பா அடித்தார். பிறகு பேசுவதை நிறுத்திக்கொண்டார். மூன்று ஓலையும் வாசித்த பிறகு ஒரு பெண் காரணம் சொல்லாமல் வேண்டாம் என்றால் இந்த ஊர் என்ன சொல்லும்? எவனோ இருக்கிறான் என்றது. துணிக்கடையில் அவளோடு வேலை பார்க்கும் ஒரு பையன் தலையை உருட்டியது. அவன் பாவம், கடையை விட்டே போய்விட்டான். வாய் இருக்கிறது என்பதற்காக இப்படியா பேசுவார்கள்? எனக்கு இதை எழுதும்போதும் எரிகிறது.

ஆனந்த் மாத்திரை வாங்க வருவதை நிறுத்திவிட்டான். செல்வி வாரம் தவறாமல் முதலியார்பேட்டைக்குப் போனாள். அவன் அம்மா வாசலிலேயே நின்று, "இல்லம்மா, வேலைக்குப் போயிருக்கான்" என்பார். உள்ளே இருமல் சத்தம் கேட்கும். திரும்பி வந்துவிடுவாள். "என்னாலதான் மேனகா. செத்துப்போனவன எழுப்பி வச்சு, நானே மறுபடியும் கொன்னுட்டேன்" என்று ஒருநாள் அலுவலகத்தில் எல்லோருக்கும் முன்னால் அழுதாள். அவன் செய்தது தப்பு, நீ என்ன செய்வாய் என்றோம். யார் சொல்லி அவள் கேட்டாள்?

பிறகு ஒரு ஞாயிறு. பூசை முடிந்து கோயில் வாசலில் பெண்கள் கூடி நின்று மெரினைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்களாம். அவள் காதில் விழட்டும் என்றே சத்தமாக. செல்விக்கு அத்தனை பேரையும் நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்கத் தெரியும். ஒரே ஒரு வாக்கியம் போதும், அந்தப் பெண்ணின் பெயர் சுத்தமாகிவிடும். அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னால் ஆனந்த் இந்த ஊரில் தலைகாட்ட முடியாது. மென்று விழுங்கிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள்.

மெரின் பின்னாலேயே ஓடிவந்திருக்கிறாள். திட்டப் போகிறாள் என்றுதான் செல்வி நினைத்தாள்.

"அக்கா, அவரு மாத்திரை சாப்புடறாரா?"

அவனைப் பற்றி எதையும் யாரிடமும் சொல்ல செல்விக்கு உரிமை கிடையாது. அது அவளுக்கு மனப்பாடம். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள்.

"சாப்புடறாரும்மா" என்றாள்.

"போதும்க்கா" என்றாள் மெரின். அப்போதுதான் முதல் தடவையாக அவள் அழுததைச் செல்வி பார்த்தாள். தெருவில் போகிறவர்கள் பார்க்கப் பார்க்க அழுதாள்.

எனக்கு போன் வந்தது. "வண்டிய எடுத்துனு வா" என்று மட்டும் செல்வி சொன்னாள். நேராக முதலியார்பேட்டைக்குப் போனோம். இந்த முறை ஆனந்தின் அம்மா இல்லை என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவரை ஒதுக்கிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவன் பாயில் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். மறுபடி இளைத்திருந்தான். நாங்கள் வந்தது தெரிந்தும் திரும்பவில்லை.

"அந்தப் பொண்ணு என்ன வழியில நிறுத்தி ஒண்ணே ஒண்ணு கேட்டாடா" என்றாள் செல்வி. "ஊரு அவள நாறடிக்குது. அதப் பத்தி ஒரு பேச்சு பேசல. நீ மாத்திரை சாப்புடறியான்னு கேட்டா."

அவன் மெதுவாகத் திரும்பினான்.

"சாப்புடறேன்னு சொல்லிட்டேன். அவகிட்ட என்னைப் பொய்க்காரியா ஆக்கிடாத ஆனந்து."

"மெரினா கேட்டா?" என்றான். மறுபடியும், "அவளா கேட்டா?" என்றான். பிறகு பாயிலேயே உட்கார்ந்து முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். செல்வி அவன் முதுகில் கையை வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் அழுதேன். யார் மேல் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை.

"நாளைக்கிக் காலையில டாக்டர்கிட்ட வந்துடறேன்" என்றான் கடைசியில்.

"காலையில வரேன்னு சொல்லாத. நான் இங்கயேதான் படுத்துக்கப் போறேன். விடிஞ்சதும் கூட்டினு போறேன்" என்றாள் செல்வி. அவனுடைய அம்மா உள்ளேயிருந்து ஒரு தலையணையைக் கொண்டுவந்து கொடுத்தார்.